ஆமென் வரைக்கும்

முதலில் கைத்தட்டலோடு ஒரு பாட்டுதான் கேட்டது. குட்டியின் காதை நக்கிக்கொண்டிருந்த பெண்சிங்கம் தலையைத் தூக்கியது. காடு பார்க்க வந்த சபை ஊழியக்குழுவின் ஜீப், சிங்கம் ஒளியப் போகவேண்டிய புதருக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் கழுதைப்புலிகளின் வாடை நெருங்கிக்கொண்டிருந்தது.

"போச்சு! இவங்க பார்த்துக் கத்தினா கழுதைப்புலிக்கு வழி காட்டின மாதிரி ஆயிடுமே."

மரத்திலிருந்த காக்கை சிரித்தது. "பொறு அக்கா. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சதும் கண்ணை மூடிக்குவாங்க."

"சாப்பாட்டை எதிர்ல வெச்சுக்கிட்டு எந்தப் பைத்தியம் கண்ணை மூடும்?"

"அதை நம்பித்தான் நான் குடும்பமே நடத்துறேன்!"

சொன்னபடியே பொட்டலங்கள் பிரிந்தன. டிரைவர்கூடத் தொப்பியைக் கழற்றினார். எல்லாக் கண்களும் மூடின. சிங்கம் குட்டியைக் கவ்விக்கொண்டு சக்கரத்தை உரசியபடி நடந்தது.

"ஆண்டவரே, இன்றைக்கு ஒரு சிங்கத்தையாவது எங்கள் கண்களுக்குக் காட்டும்" என்று போதகர் உருக்கமாக ஜெபித்தார். வால்நுனி புதருக்குள் மறைந்தபோது ஆமென் கேட்டது.

"ஒண்ணையும் காணோமே, ஐயா?" என்றார் ஓர் அம்மா.

"கட்டாயம் காட்டுவார்மா" என்ற போதகர் பொட்டலத்தைப் பார்த்தார். "என் முட்டை எங்கே?"

புதருக்குள் சிங்கம் குட்டியின் இன்னொரு காதை நக்கத் தொடங்கியது.