எட்டாவது லேன்

“சார்... சார்! ஒரு நிமிஷம் சார்!”

அண்ணன் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியால் சுட்டு ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பவர் அவர். மைதானத்தில் அவருக்கு ‘கல்லு’ என்றுதான் பெயர். கேலரி முழுக்கச் சேர்ந்து கத்தினாலும் எடுத்த முடிவிலிருந்து இம்மியும் அசைய மாட்டாராம்.

அண்ணன் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றான். டயர் கடையிலிருந்து நேரே வந்திருந்ததால் கையெல்லாம் ஒரே கறுப்பு. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டே பேச ஆரம்பித்தான்.

“நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அண்ணனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே, கோபத்தை விழுங்கிக்கொண்டான்.

“எட்டாவது லேன் என் தங்கச்சி சார். அவளுக்குக் காது கேக்காது. நீங்க பின்னாடி நின்னு சுட்டா அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து லேன்காரி கிளம்புறதைப் பார்த்துத்தான் கிளம்புவா. போன வருஷம் அந்தப் பொண்ணு அவசரப்பட்டுத் துள்ளிருச்சு. அதைப் பார்த்து இவளும் துள்ளினா. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டாங்க.”

கல்லு கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷத்தோட வயசு வரம்பும் முடியுது சார். இன்னிக்கு முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தாத்தான் நேஷனல் கேம்ப். கொஞ்சம் முன்னாடி, அவ கண்ணுல படுற மாதிரி நில்லுங்க சார். காது கேக்காதவங்கள்ல இந்த மைதானத்துல ஓட வந்த முதல் ஆளே அவதான். அவ படிச்ச ஸ்கூல் பசங்க பூரா கேலரில உட்கார்ந்திருக்காங்க, நம்மளாலயும் முடியுமான்னு பார்க்க.”

கல்லுவின் உதட்டோரம் லேசாகக் கோணியது. நக்கல்தான், வேறென்ன!

“ரூல் எனக்குத் தெரியும். நீ போய் உட்காரு.”

திரும்பி நடந்துவிட்டார்.

“நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?” என்று அவர் முதுகைப் பார்த்து வாய்விட்டே கேட்டான் அண்ணன். அவர் அதே வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார். சரியான தடித்தோல்!

ஓடுபாதையிலிருந்து தங்கை சைகையில் கேட்டாள்: ‘பேசினியா?’

அண்ணன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பொய்தான். ஓடப் போகிறவளிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

எட்டுப் பெண்களும் குனிந்து விரலூன்றினார்கள். பின்னால் இருந்த தன் சின்ன மேடையில் ஏறப் போன கல்லு, ஒரு கணம் நின்றார். பிறகு விறுவிறுவென்று முன்னால் நடந்து வந்து, எட்டாவது லேனுக்கு வெளியே, தங்கையின் கண்ணில் படும்படி நின்றுகொண்டார். கை உயர்ந்தது.

அண்ணனால் நம்பவே முடியவில்லை.

துப்பாக்கி வெடிப்பதற்குள் ஏழாவது லேன்காரி துள்ளிவிட்டாள். போச்சு, போன வருஷக் கதைதான்!

ஆனால் தங்கை அசையவில்லை. அவள் கண் துப்பாக்கியைவிட்டு நகரவே இல்லை.

ஏழாவது லேன்காரியை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார் கல்லு. அவள் உள்ளூர் கிளப்பின் செல்லப்பிள்ளை. கேலரியே எழுந்து நின்று கத்தியது.

“யோவ் கல்லு! கண்ணு அவிஞ்சு போச்சா?”

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் முதுகில் பட்ட பிறகுதான் திரும்பியே பார்த்தார்.

மறுபடியும் கை உயர்ந்தது. புகை கிளம்பியது. தங்கை பாய்ந்தாள்.

ஐம்பது மீட்டரில் நான்காவது. அண்ணன் முன்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எண்பதில் மூன்றாவது. “போ... போ...” என்று அவளுக்குக் கேட்காது என்பதையும் மறந்து அலறினான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அவள் நெஞ்சைத் தள்ளினாள்.

இரண்டாவது இடம்!

பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அப்படித்தான். அண்ணன் அழுதுகொண்டே கம்பியைத் தாண்டிக் குதித்தான்.

தங்கை அவனிடம் வரவில்லை. நன்றி சொல்ல நேரே கல்லுவிடம் ஓடினாள். அவள் சைகையை அந்த ஆளுக்கு யார் விளக்குவது? அண்ணன் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினான்.

அவன் போய்ச் சேருவதற்குள், கல்லு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவனைவிட வேகமாக இரண்டு கைகளாலும் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்:

‘உன் அண்ணன் சொன்னது தப்பும்மா. இந்த மைதானத்துல நீ ரெண்டாவது ஆள். பக்கத்து லேனைப் பார்த்துத் துள்ளினதுக்காக முதல் ஆளை வெளிய அனுப்பி முப்பது வருஷம் ஆச்சு. அது நான்தான்.’