பழைய ஆயில் எங்கே?

“வீட்டுல நீங்களே ஆயில் மாத்திக்கிடுவிய. இன்ஜின் போனா மட்டும் வாரண்டின்னு இங்கன வருவியளோ?”

சர்வீஸ் மேனேஜர் ஆறுமுகநயினாருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. ஷோரூமில் காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லக்கனிக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் பின்வாங்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் கப்பல் ஊழியர்களை வாகைக்குளம் விமான நிலையத்தில் கொண்டு விடுவது அவள் பிழைப்பு. இருப்பது ஒரே கார். அது நடுவழியில் நின்று பன்னிரண்டு நாளாகிறது. மாதக் கடைசிக்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். வாரண்டியில் புது இன்ஜின் கிடைத்தால் தப்பித்தாள். இல்லையென்றால் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

இலவச சர்வீஸ் முடிந்ததிலிருந்து ஆயில் மாற்றியதெல்லாம் அவளேதான். காலையில் ஷோரூமில் விட்டால் சாயங்காலம்தான் வண்டி கைக்கு வரும். அதுவரை கப்பல்காரன் காத்திருப்பானா? உப்பு லாரி ஓட்டியவரின் மகள் அவள். ஆயில் மாற்றுவது அவளுக்குத் தலை சீவுகிற மாதிரி.

வாரண்டி தரலாமா என்று முடிவு செய்யக் கார் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் சிவப்பிரகாஷ் இளைஞர்தான், ஆனாலும் பொறுமைசாலி. அவள் தரப்பைச் சொல்லச் சொன்னார்.

செல்லக்கனி வாரண்டி புத்தகத்தை விரித்து வைத்தாள். “குறிச்ச கிலோமீட்டர்ல, குறிச்ச ஆயில் மாத்தியிருக்கணும்னு போட்டிருக்கு சார். எங்கன மாத்தணும்னு போடல.”

சிவப்பிரகாஷ் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்து பில்கள். ஐந்து தடவைக்கும் ஆயில் பில், ஃபில்டர் பில், மீட்டர் தெரிகிற போட்டோ. ஆயிலின் தரம் சரி. கிலோமீட்டரும் சரி. காத்திருந்தவர்களில் ஒருவர் பக்கத்து ஆளிடம், கெட்டிக்காரிதான் என்றார்.

விட்டாரா ஆறுமுகநயினார்? பில்லை ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைக்காரரின் சீல் எங்கே என்றார். போட்டோ எடுத்த தேதி எங்கே என்றார். ஃபில்டர் நம்பரை வாசிக்கச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள்.

கடைசியில் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“பில்லு ஆயில் வாங்குனதுக்குத்தான் அத்தாட்சி. அதை வண்டியில ஊத்துனதுக்கு என்ன அத்தாட்சி? மாத்துனிய சரி, கழட்டுன பழைய ஆயில் எங்க?”

அந்த மனிதரை அப்படியே பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது செல்லக்கனிக்கு. ஜெயிக்கிற நேரத்தில் இப்படியா காலை வாருவது?

“உங்க ஷெட்டுக்குப் பின்னால இருக்க டிரம்லதான் ஊத்துனேன். சாக்கடையில ஊத்துனா கடலுக்குல்லா போவும்? கேட்ல கேட்டுக்கிட்டுத்தான் ஊத்துனேன்.”

“கேட்ல கேட்டதுக்கு என்ன அத்தாட்சி?”

பழைய ஆயிலுக்கு யார் ரசீது வாங்குவார்கள்? கண் கலங்கிவிட்டது.

சிவப்பிரகாஷ் சற்று யோசித்தார். “கேட்ல ரிஜிஸ்டர் இருக்குமே சார்?”

“இருக்கும்” என்றார் ஆறுமுகநயினார், வேண்டா வெறுப்பாக.

மூன்று வருட ரிஜிஸ்டர்களும் மேசைக்கு வந்தன. சிவப்பிரகாஷ் அவள் பில்லில் இருந்த தேதிகளை வைத்துத் தேடினார். முதல் தேதியில் ஒரு வரி இருந்தது. அவள் கார் நம்பர், பழைய ஆயில் நாலு லிட்டர், இருபதாயிரம் கிலோமீட்டர். அடுத்தது முப்பதாயிரத்தில். இப்படி ஐந்து தடவையும்.

“இதுக்கு மேல என்ன வேணும்? ஆயில் எல்லாம் ஒழுங்கா மாத்தியிருக்கு. ஆயில் பம்ப்தான் கோளாறு. அது எங்க பொறுப்பு” என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார் சிவப்பிரகாஷ். புது இன்ஜின். வாரக் கடைசிக்குள் வண்டி ரெடி.

காத்திருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எழுந்து நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“ஒரு பொம்பள சொன்னா நம்பக்கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டு இருந்திய. பாத்தியளா அண்ணாச்சி, உங்க ரிஜிஸ்டரே எனக்குச் சாட்சி சொல்லிட்டு.”

ஆறுமுகநயினார் நிமிரக்கூட இல்லை. “சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னார்.

நன்றாக வேண்டும் இந்த ஆளுக்கு என்று நினைத்தபடி வெளியே வந்தாள். கேட்டில் வாட்ச்மேன் சுடலைக்கண்ணு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் செல்லக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். நீங்கள் மறக்காமல் எழுதி வைத்ததால்தான் என் பிழைப்பு தப்பியது என்றாள்.

பெரியவர் விழித்தார்.

“ஏளா, நான் எங்க எழுதுனேன்? எனக்கு வண்டி வரத்துப்போக்குதான் கணக்கு. நீ ஸ்கூட்டர்ல கொண்டு வார கேனையெல்லாம் யாரு எழுதுவா? நீ போன பொறவு மேனேஜர்தான் வருவாரு. நீ விட்டுட்டுப் போன கேன்ல எழுதியிருந்த வண்டி நம்பரையும் கிலோமீட்டரையும் பாத்து ரிஜிஸ்டர்ல ஏத்துவாரு. ‘வாரண்டி புக்கைக் கரைச்சுக் குடிச்சிருக்கா, இதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்னு தோணலியே இவளுக்கு’ன்னு ஏசிக்கிட்டேதான் எழுதுவாரு.”