ஏலத்தில் ஒரு கேள்வி

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. அவள் எதையும் தொடவில்லை.

தொட வேண்டியதில்லை என்பதுதான் இந்த வருஷத்து ஏற்பாடு.

அவள் திரையில் இணைய விளம்பர ஏலம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. யாரோ எங்கோ போனில் ஒன்றைத் தேடுகிறார்கள். அந்தக் கணத்தில் அதிக விலை கேட்பவரின் விளம்பரம் மேலே வந்து நிற்கும். தேடுகிறவர்கள் கூடினால் மென்பொருளே விலையை ஏற்றும். குறைந்தால் இறக்கும்.

போன வருஷம் இதையெல்லாம் அவள் கையால் செய்தாள். ஒரு சொல்லுக்கு விலையை ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் வேறு சொல்லுக்குப் போய்விட்டார்கள். பெருந்துறை ரோட்டுப் போட்டிக்காரன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனான். குழந்தைவேல் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டினார்.

குழந்தைவேல் ஈரோட்டில் பயிற்சி மையம் வைத்திருப்பவர். ஃபெயிலான பிள்ளைகளைத் துணைத் தேர்வுக்குத் தயார் செய்வது அவர் தொழில். இன்று காலையிலேயே பஃப்ஸ் பொட்டலத்தோடு அவள் வேலை பார்க்கும் விளம்பர ஆபீசுக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர் பந்தியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார்.

"ஏறுதுங்களா அம்மிணி?"

ஏறியது.

பாடத்தின் பேரில் தேடல் ஏறியது. தேர்வுத் தேதியின் பேரில் ஏறியது.

பிறகு ஒரு வரி மட்டும் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு மேலே போனது.

ஃபெயில் ஆனத அப்பாகிட்ட எப்படி சொல்றது.

அவள் அந்த வரியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மென்பொருளே கண்டுபிடித்து வைத்திருந்தது. இதைத் தேடி வருகிறவர்கள் விளம்பரத்தைத் தொட்டதும் படிவத்தை மறுபேச்சில்லாமல் நிரப்புகிறார்கள். பெயர், ஊர், பாடம், போன் நம்பர். கேட்டதையெல்லாம் தருகிறார்கள். இவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள் என்று அது முடிவுகட்டிவிட்டது.

அதன் கணக்கில் தப்பே இல்லை. அவள் வரியை இன்னொரு தரம் படித்தாள்.

அந்தக் கேள்விக்குக் கீழே, அவள் எழுதிய விளம்பரம் நின்றது.

இடங்கள் குறைவு. உடனே சேரவும்.

எழுதியபோது நல்ல வாசகமாகத்தான் தெரிந்தது. இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

பொருந்தாத தேடல்களை நீக்குவது அவள் அன்றாட வேலை. ஃபெயில் காமெடி, ஃபெயில் ஸ்டேட்டஸ் என்று ஏதாவது வந்தால் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். இதையும் ஒரே தட்டலில் நீக்கலாம். விரலை வைத்தும்விட்டாள்.

நீக்கினால்?

பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பெருந்துறை ரோட்டு விளம்பரம் மேலே வரும். அங்கேயும் இடங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

"அத விட்றாதீங்க. அதுதான் குதிரையாட்டம் ஓடுது," என்றார் குழந்தைவேல்.

வரியை அவர் படிக்கவில்லை. வரிக்கு நேராக இருந்த எண்ணைத்தான் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

எப்பேர்ப்பட்ட கறாரான அப்பாவும் அவர் எதிரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இளகிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை இழுத்து வருகிறவர்கள், போகும்போது அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு போவார்கள். ஃபீஸ் கட்டிவிட்டுத்தான். இந்த வித்தை ஜில்லாவில் வேறு யாருக்கும் வராது என்று அவரே சொல்லிக்கொள்வார். தற்பெருமைதான். ஆனால் உண்மை.

விரலை எடுத்தாள்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் பழைய விளம்பரத்தைக் கழற்றினாள். படிவத்தையும் கழற்றினாள். புதிதாக எழுதினாள்.

அப்பாகிட்ட நாங்க பேசறோம். இப்பவே கூப்பிடு.

கூடவே குழந்தைவேலின் சொந்த நம்பரைப் போட்டாள்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மையத்து நம்பரைப் போடச் சொல்வார். அங்கே போனை எடுக்கிறவர்கள் ஃபீஸ் விவரத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஆபீசுக்கே பெரிய வாடிக்கையாளர் அவர். கோபித்துக்கொண்டு போனால் அவள் வேலையும் கூடவே போகும்.

பஃப்ஸ் ஆறிப்போனது.

மேசைமேல் அவர் போன் அடித்தது.

"குழந்தைவேல் பேசறனுங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் அவளுக்கே கேட்டது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். திரையைப் பார்த்தார். அந்த வரியை இப்போதுதான் படித்தார். அதற்குக் கீழே தன் நம்பரையும் படித்தார்.

அவளை முறைத்தார்.

போன் இணைப்பை வெட்டிவிடுவார் என்று நினைத்தாள்.

"கண்ணு," என்றார் போனில். "எந்த ஊரு சாமி நீ?"

பதிலை முழுதாகக் கேட்டுக்கொண்டார். அவர் அவசரப்படவில்லை.

"செரி. அப்பன் காட்டு வேலைக்குப் போயிருக்காரா? போன வெச்சராத. அவரு வர்ற வரைக்கும் எங்கூடப் பேசிட்டிரு."

எழுந்து ஜன்னலோரம் போனார். குரல் தாழ்ந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார். நடுவில், காட்டிலிருந்து வந்துவிட்ட அப்பாவிடம், "ஏனுங்க, நாம எழுதாத பரீட்சைங்களா?" என்று சிரித்தார். ஃபீஸ் என்ற சொல் கடைசிவரை வரவில்லை.

திரையில் அந்த வரியின் விலை மறுபடி ஏற ஆரம்பித்தது. போன் அழைப்பும் மென்பொருளுக்கு லாபக் கணக்குதான்.

அவள் ஏறவிட்டாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன் மறுபடி அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். இன்னொரு கையைப் பைக்குள் விட்டுத் துழாவினார். சார்ஜரை எடுத்து அவளிடம் நீட்டினார்.