மாப்பிள்ளை இருக்க வக்கீல் கவர் எதற்கு?

"வக்கீல் செலவுக் கவரு சேத்துக்கலாமா சார்? இன்னிக்கோட பாலிசி முடியுது" என்று நாலாவது முறையாகக் கேட்டாள் பானுப்ரியா.

அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சவரிநாதன் தலையைச் சொறிந்தார். விழுப்புரத்தில் மூன்று வருடமாக அவருடைய காருக்கு இன்சூரன்ஸ் போடுகிறவள் அவள்தான். எதற்கும் இப்படி விடாப்பிடியாக நின்றதில்லை.

"இன்னொரு தபா சொல்லும்மா. நான் யாரையாச்சும் இடிச்சி, கேசு வந்தா..."

"வக்கீல் வெச்சிக்கலாம் சார். யார வேணா வெச்சிக்கலாம். அவரு பீசுக்கு பில்லு அனுப்பினா கம்பெனி குடுத்துடும். கூட எறநூறு ரூபாதான் ஆவும்."

இருநூறு ரூபாய் பெரிதில்லை. கேஸும் அவருக்குப் புதிதில்லை. ரிட்டயர் ஆன பிறகு ஸ்டியரிங் பிடித்த கை. மூன்று வருடத்தில் மூன்று கேஸ். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த மொபெட், ஒரு வீட்டு கேட், போன பொங்கலுக்கு ஒரு கரும்பு வண்டி. மூன்றையும் நடத்துகிறவர் பெரிய மகள் லூசியாவின் கணவர், திண்டிவனத்தில் வக்கீலாக இருக்கும் மாப்பிள்ளை ஜெஸ்வின்.

சிக்கலே அங்கேதான். மாப்பிள்ளையே வக்கீலாக இருக்கும்போது, மாமனார் வக்கீல் செலவுக்குத் தனியாகக் காசு கட்டினார் என்று தெரிந்தால்? சின்னவள் கல்யாணத்தில் தங்களுக்கு முதல் மாலை போடவில்லை என்று ஜெஸ்வின் வீட்டில் ஆறு மாதம் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு லூசியா அழுதது இன்னும் அவர் கண்ணுக்குள் நிற்கிறது.

மனைவி அமல்ராணிக்குப் போன் போட்டார்.

"நம்ம வண்டி கோர்ட்டுக்கு வழி தெரிஞ்ச வண்டிங்க. எடுத்துக்கினா நல்லதுதான்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "வாணாம், வாணாம். மாப்ள காதுக்குப் போச்சின்னா?" என்றாள். "எனுக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பாத்துப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

எடுத்தால் மாப்பிள்ளைக்கு அவமானம். எடுக்காவிட்டால் நாளைக்கே எவனாவது குறுக்கே வருவான். சவரிநாதன் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வாணாம்மா" என்றார் கடைசியில். "இத எடுத்தா மாப்ளய நம்பலன்னு ஆயிடும். தங்கமான புள்ள. அவரு மனச நோவடிக்கக் கூடாது."

பானுப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விழுங்கிக்கொண்டாள்.

"செரி சார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துக்கினு வந்துர்றேன். கூரியர்காரர் கூப்புட்டா இருக்கச் சொல்லுங்க" என்று தன் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சவரிநாதனுக்கு மனசு லேசானது. ஒரு வழியாகக் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டார். லூசியா இனி நிம்மதியாக இருப்பாள்.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். வாயைத் திறப்பதற்குள் பழகிய குரல் ஒன்று முந்திக்கொண்டது.

"அக்கா, ஜெஸ்வின் பேசறேன். நான் சொன்னன்னு காட்டிக்காம கேட்டீங்களா? மாமா அந்த வக்கீல் கவர எடுத்துட்டாரா? மூணு வருஷமா ஓசியில கோர்ட்டுக்கு ஓடிக்கினு இருக்கேன்கா, மாமனார்கிட்ட பீசு கேக்க வாய் வரல. இனிமே அவரு யார இடிச்சாலும், கம்பெனிகிட்டயாச்சும் நான் பில்லு குடுப்பேன்."