புது லென்ஸில் ஒரு சிரிப்பு

சூளகிரி ஸ்டுடியோவில் அசோக்குமார் புது போர்ட்ரெய்ட் லென்ஸைச் சோதித்துக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஸோயாதான் கையில் அகப்பட்ட முகம். "லென்ஸ் டெஸ்டுதாம்மா, நல்லா வாய் விட்டுச் சிரி." தயங்கித் தயங்கி அவள் சிரிக்கிறாள். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. வரிசையில் காத்திருப்பவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். "பல்லுல இருக்கற கறைகூட எப்படித் தெரியுது பாருங்க!" சொன்ன பிறகுதான் திரை முழுக்க நிற்கும் பழுப்புக் கோடுகள் அவளுடைய பல் என்பது அவனுக்கு உறைக்கிறது. ஸோயா துப்பட்டா நுனியால் வாயை மூடிக்கொள்கிறாள். "எங்க ஊரு போர் தண்ணி குடிச்சா பல்லு இப்படித்தாங்கண்ணா ஆகும்" என்கிறாள், தப்பு தன்னுடையதுபோல. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. அவனும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான்; மூடிய உதடுகளுக்குள் நாக்கு தன் பல்லின் கறையைத் தடவுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும்.