வெள்ளைக்கு அடியில்

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க என் வண்டிய?"

வெற்றிச்செல்வன் போட்ட சத்தத்தில், எதிர்ப்பக்கம் பட்டுச்சேலைக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் காரைப் பாலிஷுக்கு விட்டுப் போனவன், எடுத்துப் போக அப்போதுதான் வந்திருந்தான்.

வெள்ளைக் கார். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பின்கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை தேய்ந்துபோய், அடியிலிருந்து மெரூன் நிறம் பல்லிளித்தது.

சின்னதுரை பாலிஷ் தேய்க்கும் காம்பவுண்ட் பசை அப்பிய கையோடு மெஷினைப் பிடித்தபடி நின்றார். ஆரணியில் இருபது வருஷமாகக் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்.

"கொஞ்சம் அழுத்திட்டேன் சார். ஒரே எடத்துல மெஷின் நின்னுபோச்சு."

"நின்னுபோச்சா? தெள்ளார்லருந்து உன்ன நம்பி வந்தேன் பாரு! காம்பவுண்ட் போட்டு ஷைனிங் கொண்டு வாய்யான்னா, பெயின்ட்டையே உரிச்சு வெச்சிருக்க! சாயங்காலம் வண்டிய வாங்க ஆள் வருதுய்யா. அவங்களுக்கு இன்னாத்த காட்டுவேன்?"

ஷெட்டுக்குள் சீட் கவர்களை அலசிக்கொண்டிருந்த சின்னதுரையின் மனைவி ரேணுகாதேவி ஓடி வந்தாள். கதவைப் பார்த்ததும் அவளுக்கும் ஆத்திரம் பொங்கியது.

"ஏங்க, நேத்து கத்துக்கின வேலையா இது? கண்ண எங்க வெச்சிகினு தேச்சீங்க?"

அவர் மெஷினைக் கீழே வைத்தார். அவளே வெற்றிச்செல்வனிடம் கெஞ்சினாள்.

"மன்னிச்சுக்கங்க சார். எங்க செலவுலயே பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறோம். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாளா? வெளையாடறியா? இப்பவே அதுமேல வெள்ளைய அடிக்கச் சொல்லு. ஜல்தி! அந்த எடம் வெளிய தெரியவே கூடாது. இப்படியே நான் ரோட்டுல ஓட்டிகினு போவ முடியாது!"

"கலர் கலக்கணும், அடிக்கணும், காயணும். ஒரு மணி நேரமாவது ஆவும் சார்" என்றார் சின்னதுரை.

"ஆவட்டும்! இங்கயேதான் நிப்பேன். வேலைய முடிக்காம உன்ன விட மாட்டேன்!"

சின்னதுரை பெயின்ட் டப்பாவைத் திறந்து மெதுவாகக் கலக்கினார். குச்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கலக்கினார்.

"தூங்கறியாய்யா? நாலு பேர் முன்னாடி செவுள்ல ஒண்ணு விட்டாத்தான் வேகம் வருமா?"

ரேணுகாதேவியால் தாங்க முடியவில்லை. "இந்தப் பேச்சு பேசறாரே, ஊமை மாதிரி கேட்டுகினு நிக்கிறீங்களே!" என்று புருஷன்மேல் பாய்ந்தாள். அவர் அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அப்போது ஷெட் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

வெற்றிச்செல்வனின் குரல் சட்டென்று இறங்கியது. "ஒண்ணுமில்ல சார். சின்னப் பிரச்சினை. நாங்களே பேசித் தீத்துக்கறோம். நான் வண்டிய எடுத்துகினு கெளம்பறேன்."

இன்ஸ்பெக்டர் நேராகப் பின்கதவுக்குப் போனார். குனிந்து மெரூன் நிறத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வெற்றிச்செல்வனின் கைகளைப் பின்னுக்கு வளைத்துப் பிடித்தார்கள்.

"ஐயையோ, கை தவறித் தேச்சதுக்கு எதுக்குங்க போலீசு?" என்று பதறினாள் ரேணுகாதேவி.

சின்னதுரை கையிலிருந்த டப்பாவைத் தரையில் ஓங்கி அடித்தார்.

"கை தவறலடி, வேணும்னுதான் தேச்சேன்! போலீசுக்கு போன் போட்டுட்டு, அவங்க வர்ற வரைக்கும் இவன் எங்கயும் போவாம இங்கயே நின்னு கத்தணும்னு தேச்சேன்! டிக்கியில நானே வெச்ச வெல்டிங் எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சவாரின்னு கூப்டுகினு போயி நம்ம புள்ள உதயாவ அடிச்சுக் கொன்னுட்டு எடுத்துகினு ஓடுனானுங்களே, அந்த மெரூன் டாக்ஸிடி இது!"