இரண்டு பனியன்

முன்னால் நின்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவன் நகரவில்லை.

"ஆம்பளையாளுக எல்லாம் சட்டையக் கழத்துங்க" என்று கோயில் காவலாளி சொல்லிக்கொண்டே போனார்.

திருச்செந்தூரில் இது புதிதா என்ன? சட்டையோடு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். பனியனும் கூடாது. துண்டு இருந்தால் இடுப்பில் கட்டச் சொல்வார்கள். அவனுக்கா தெரியாது? பதினைந்து வயதிலிருந்து, குடும்பத்தோடு வரும்போதெல்லாம், செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டவன்.

இந்தத் தடவை அந்தப் பாச்சா பலிக்கவில்லை. கல்யாணமாகி ஐம்பது நாள் ஆகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகச் சன்னிதியில் நிற்க வேண்டும் என்று மாமியார் நேர்ந்திருந்தாள்.

மாமனார் சட்டையை உருவினார். தொப்பை வேட்டிக்கு மேல் தாராளமாக வந்து உட்கார்ந்தது. மனிதர் அதைத் தடவிக்கொண்டே கொட்டாவி விட்டார்.

கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருந்தான். இன்றைக்கு மட்டுமில்லை. பத்து வருஷமாக, சித்திரை வெயிலிலும் இரண்டுதான். தோள் கொஞ்சம் நிறைவாகத் தெரியும்.

எல்லாம் வடிவக்காவின் உபயம்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைப்பாள். வைத்துவிட்டு, "சோத்த இவன் திங்கானா, சோறு இவனத் திங்குதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் கையைத் தூக்கிக் காட்டுவாள். அவள் வைத்த பெயர் நரம்பன்.

பாசம்தான். யார் இல்லையென்றது? பாசமாகச் சொன்னதால்தான் அவனால் ஒருநாளும் கோபப்பட முடியவில்லை.

பொத்தானில் கை வைத்தான். எடுத்தான்.

"ஏலே நரம்பா!" பின்னாலிருந்து அக்காவின் குரல். "கழத்துலே. முருகன் ஒன் எலும்பையா எண்ணப் போறாரு?"

வரிசையே சிரித்தது. மாமனாரும் சிரித்தார். முன்பின் தெரியாத ஒருத்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

செண்பகம் சிரித்தாளா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில்தான் நின்றாள், புதுப் பெண்டாட்டி. அவள் அவனைச் சட்டையில்லாமல் பார்த்ததே இல்லை. அறைக்குள் போனதும் தலைவலி என்பான். அசதி என்பான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

சரி, தொலையட்டும் என்று சட்டையைக் கழற்றினான்.

ஒரு பனியன்.

அதற்கு அடியில் இன்னொன்று.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னலே இது, ரெண்டு போட்டிருக்க?"

இரண்டாவதையும் உருவினான். விலா எலும்புகளில் கடல்காற்று பட்டது. கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டான். செத்துவிடலாம் போலிருந்தது.

செண்பகம் கையை நீட்டிப் பனியன்களை வாங்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தாள். அப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இதுக்காகவா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவன் தலையாட்டினான்.

"நான் குண்டா இருக்கேன், அதான் ஒங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சிட்டேன். நீங்க பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கே எங்கம்மா சொன்னா, ஒடம்பக் கொறடி, இல்லன்னா மாப்பிள்ள கிட்ட வரமாட்டாருன்னு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முகூர்த்தத்துக்குப் போட்ட அதே ஜாக்கெட். அன்றைக்கு மணவறையில், கையைத் தூக்க முடியாமல் பிடிக்கிறது என்று தோழியிடம் முணுமுணுத்தாள். இன்றைக்கு அதன் முதுகில் தொளதொளத்த துணியை இழுத்து மடித்து மூன்று ஊக்கு குத்தியிருந்தது.

தினமும் ராத்திரி, பசிக்கல என்று பாதி இட்லியோடு எழுந்து போவாள்.

கொஞ்சமாகச் சாப்பிடுகிற பெண் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.